நகத்தருகே மங்கலாய் ஒரு கோடு

"என்னுது எனக்குத் தெரியும்மா. அடுத்தவனுது எனக்கு எப்படித் தெரியும்?"

இதைக் கேட்ட, என்னோடு வேலை பார்த்த அக்காவின் இடது கையில் அப்போது ஒரு சிறுநீர்க் கோப்பை இருந்தது. வலது கையில் பாதி கடித்த மசால் வடை. கையுறை எந்தக் கையிலும் இல்லை. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது குமட்டல்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். மற்றதும் வரத்தான் செய்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணமான புதிதில் மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கீழே டயர் கடை, மேலே எங்கள் லேப். படியேறும்போது ரப்பர் நாற்றம், கதவைத் திறந்தால் ஃபினாயில், அதையும் தாண்டி உள்ளே போனால் எங்கள் தொழிலின் நாற்றம். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டைச் சுற்றியிருந்த கம்பெனிகளும் லாரி டிரான்ஸ்போர்ட்காரர்களும் தங்கள் டிரைவர்களையும் கிரேன் ஓட்டுகிறவர்களையும் எங்களிடம் அனுப்புவார்கள். வேலைக்குச் சேர்க்கும் முன்பு ஒரு முறை. பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் எப்போது வேண்டுமானாலும். சிறுநீரில் நனைத்துப் பார்க்க, கஞ்சாவுக்கு ஒரு பட்டை, தூக்க மாத்திரைக்கு ஒரு பட்டை, அபின் வகைக்கு ஒரு பட்டை. ஹெராயின், மார்ஃபின், சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீன் எல்லாம் அந்தக் கடைசிப் பட்டையில் அடக்கம்.

நான் டிப்ளமோ படித்த டெக்னீஷியன். பட்டையைப் பார்த்து முடிவு எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வருகிறவர்களிடம் கோப்பையைக் கொடுத்து, நிரம்பியதும் வாங்கி, மூடி, பெயர் ஒட்டி என்னிடம் தருவது அக்காவின் வேலை. ஐம்பதை நெருங்கியவர். நூம்பல் பக்கம் வீடு. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்து, அதற்கு மருதாணி வைத்திருப்பார். நகத்தின் ஓரத்தில் ஒரு பிளவு. பட்டையின் உறையைக் கிழிக்கவும், ஒட்டிய ஸ்டிக்கரைப் பிரிக்கவும், பல்லிடுக்கில் மாட்டியதை எடுக்கவும் அந்த ஒரே நகம்தான்.

கழிவறையைத் தயார் செய்வதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஃப்ளஷ் தொட்டியில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஊற்றிவைப்பார். யாராவது கோப்பையில் அந்தத் தண்ணீரைக் கலந்தால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருக்கும் குழாயின் திருகைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். சோப்பு, ஃபினாயில் பாட்டில், கிளீனிங் பவுடர் எல்லாம் வெளியே வந்துவிடும். இவையெல்லாம் முறைப்படி செய்ய வேண்டியவைதான். முறையில் சொல்லாத ஒன்றையும் அவர் செய்தார். கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பார்.

ஒரு முறை ஒரு லாரி டிரைவர் உள்ளே போய் வெகுநேரமாகியும் சத்தமே இல்லை.

"இன்னா அண்ணாத்தே, தண்ணி வராத கார்ப்பரேசன் கொயாவாட்டம் கம்முனு கீற?" என்று அக்கா கதவைத் தட்டினார்.

"யம்மா, நீ கதவாண்ட நிக்கிறது எங்கம்மா நிக்கிறாப்புல கீது. எப்படிம்மா வரும்?"

"உங்கம்மா இப்படி நின்னிருந்தா நீ இங்க வர்ற வேலையே இருந்திருக்காது. முக்கு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மனிதர் வெளியே வந்தபோது யாரையும் பார்க்காமல், கோப்பையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு வந்தார். தாத்தா ஆகிற வயது அவருக்கு. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கோப்பையின் பக்கத்தில் சூடு காட்டும் ஒரு சின்னப் பட்டை ஒட்டியிருக்கும். வாங்கிய உடனே அது உடம்புச் சூட்டைக் காட்ட வேண்டும். ஆறியிருந்தால் வெளியிலிருந்து கொண்டுவந்தது என்று பொருள். அக்கா அந்தப் பட்டையைப் பார்க்க மாட்டார். கோப்பையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். முன்பின் தெரியாத ஒருவருடைய சிறுநீரைக் கன்னத்தில்!

"புள்ளைக்குப் பால் சூடு பாக்குறதில்லையா? அப்பிடித்தான்" என்பார் என் முகத்தைப் பார்த்துவிட்டு. இன்றும் என் மகளுக்குப் பால் ஆற்றும்போது டம்ளரைக் கன்னத்தில் வைக்க எனக்குக் கை வராது.

கன்னத்துக்குப் பிறகு மூக்கு. மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "பவுடர் கலக்கல", "இவனுக்கு சர்க்கரை கீது, ஊட்டுல சொல்லணும்" என்பார். பிறகு அதே மேசையில் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். நான் எலுமிச்சை சாதம் கொண்டுவந்த ஒரு நாளில், வரிசையாக நின்ற கோப்பைகளையும் என் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்து, "மூணாவது கோப்பையும் உன் சோறும் ஒரே கலர்டி" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எலுமிச்சை சாதம் செய்வதில்லை. ஏன் என்று மாமியார் கேட்பார். சொன்னதில்லை.

அவர் பாதி நேரம் சரியாகவே கண்டுபிடித்தார் என்பதுதான் என் தொல்லை. ஒருவன் அக்குளில் பிளாஸ்டிக் கவரில் வேறு யாருடையதையோ வைத்துக் கொண்டுவந்திருந்தான். அக்கா கோப்பையைக் கன்னத்தில் வைத்ததுமே, "ஆறிப்போன காப்பி. இது யாருது நைனா? உன் தம்பிதா, உன் பொண்டாட்டிதா?" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். அவன் படியில் இறங்கி ஓடினான். அவன் ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு கம்பெனி பஸ். அந்தச் சமயத்தில் எனக்கு அக்கா மேல் மரியாதை வந்தது. அவர் அந்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளினார். மரியாதை போய்விட்டது.

இந்த இடத்தில் பட்டை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மீதி விளங்காது.

பட்டைக்குள் சாயம் ஏற்றிய, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இருக்கும். அவற்றைக் காலியாகப் புறப்படும் ஷேர் ஆட்டோக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் நடுவில் ஒரு கோட்டளவு இடத்தில் போதைப் பொருளின் சாயலை ஒட்டிவைத்திருப்பார்கள். அது ஸ்டாண்டில் காத்திருக்கும் கூட்டம். சிறுநீரில் அந்தப் பொருள் இல்லையென்றால் ஆட்டோக்கள் காலியாக வந்து ஸ்டாண்டில் நிற்கும். வரிசையாக நிற்க நிற்க அந்த இடம் சிவந்து கோடாகத் தெரியும். சிறுநீரில் பொருள் நிறைய இருந்தால் வழியிலேயே ஆள் ஏறிவிடும். ஸ்டாண்டில் ஒன்றும் நிற்காது. கோடு விழாது. ஆக, கோடு விழுந்தால் நெகட்டிவ், விழாவிட்டால்தான் சந்தேகம். கர்ப்பம் பார்க்கிற பட்டைக்கு இது நேர் எதிர்.

கோடு மங்கலாக விழுந்தால்? பட்டையோடு வரும் தாளில் அதற்கும் பதில் உண்டு. எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், நெகட்டிவ்தான். சாயம் குறைந்த பட்டையாக இருக்கலாம், ஈரம் பட்டிருக்கலாம், எத்தனையோ காரணம். மங்கலை வைத்து மனிதரை எடை போடக் கூடாது. கோடே விழாவிட்டாலும் அது தீர்ப்பில்லை. அதே சிறுநீரின் மீதியைப் பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும். அங்கே இயந்திரம் உள்ளே இருப்பதைத் தனித்தனியாகப் பிரித்து, இது மார்ஃபின், இது கோடீன், இது ஹெராயின் மட்டுமே விட்டுப்போகும் தடம் என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் ஒருவரைப் பற்றி வாயைத் திறக்கலாம்.

அக்காவுக்கு மங்கலான கோட்டைக் கண்டாலே ஆகாது. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அந்தச் சிவப்பு நகத்தால் கோட்டின் பக்கத்தில் தட்டுவார்.

"இது இன்னா கோடு? திருட்டுப்பய குரலாட்டம் கீது."

"நெகட்டிவ்தான்க்கா."

"நெகட்டிவ்னு எழுதிக்க. நானு எழுத வேணாம்னு சொன்னேனா? ஆனா நல்லவனுக்கு இப்டி விழாது."

அவருக்கே ஒரு சமயம் இருமல் பிடித்தது. தெருமுனை கிளினிக்கில் எழுதிக்கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு, விளையாட்டுக்குத் தன் சிறுநீரையே பட்டையில் வைத்துப் பார்த்தார். அபின் பட்டையில் கோடே இல்லை. பாட்டிலை வாங்கிப் பார்த்தேன், கோடீன் இருந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நானு கஞ்சிக்கி வழியில்லாதவ, அபினுக்கு எங்க போவேன்" என்று பட்டையைக் குப்பையில் போட்டார்.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இனிமேலாவது புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களாக்கா? வர்றவங்களும் இதைத்தானே சொல்றாங்க, இருமல் மருந்து குடிச்சோம்னு?"

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கையில் கோப்பை, வடை. முகத்தில் கேலி இல்லை. என்னைவிடச் சின்னப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி, பொறுமையாகக் கேட்டார். "என்னுது எனக்குத் தெரியும்மா. அடுத்தவனுது எனக்கு எப்படித் தெரியும்?"

பெரிய லேபும் இயந்திரமும் அதற்குத்தானே இருக்கின்றன என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து கோப்பைக்குள் விழப்போன வடைத்தூள் மட்டும்தான் தெரிந்தது.

இந்த அக்காதான் என் மகளை முதலில் வரவேற்றவர் என்பதையும் நான் எழுதியாக வேண்டும்.

நாள் தள்ளிப்போயிருந்தது. ஏற்கெனவே ஏமாந்திருந்ததால் வீட்டில் சொல்லவில்லை. லேபிலேயே, யாரும் பார்க்காத நேரத்தில், கர்ப்பப் பட்டையை வைத்துப் பார்த்தேன். முதல் கோடு பளிச்சென்று இருந்தது. இரண்டாவது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தேன், சாய்த்துப் பிடித்தேன். இல்லை என்று முடிவு செய்து, காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் அக்கா வந்தார். நகத்துக்கும் விரலுக்கும் நடுவில் என் பட்டை. ஃபினாயில் துணியும் பஞ்சும் கிடந்த தொட்டியிலிருந்து வெறும் கையால் எடுத்திருக்கிறார்.

"இத்த ஏன்டி தூக்கிப் போட்ட?"

"ஒண்ணும் இல்லக்கா. மங்கலா... விழவே இல்ல."

"கண்ணு தெரியல உனக்கு. கீது பாரு. கோடு கோடுதாம்மா. மங்கலா இருந்தா இன்னா?"

அழுதுவிட்டேன். அவர் என் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். பிறகு தன் டப்பாவிலிருந்து தயிர் சாதத்தை உருட்டி, கழுவாத அதே கையால் என் வாயருகே நீட்டினார். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். விழுங்கினேன். பிறகு கழிவறைக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தேன். மசக்கை என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் "மங்கல் கோடு".

அடுத்த சம்பவம் அதே மசக்கைக் காலத்தில் நடந்தது. ஆவடிப் பக்கத்திலிருந்து ஒரு கிரேன் ஓட்டுகிறவர் பரிசோதனைக்கு வந்தார். அமைதியான ஆள், கழுத்தில் ஜெபமாலை. அவருடைய அபின் பட்டையில் கோடு விழவில்லை. நான் சொன்னதும் அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது, பயமில்லை.

"சிஸ்டர், நான் எதையும் தொடுறவன் இல்ல. ஞாயித்துக்கிழமை மகளுக்கு சர்ச்சுல புதுநன்மை. வீட்ல விருந்து. கசகசா அரைச்சு ஊத்துன குருமா, கசகசாப் பாயசம். மிஞ்சினதை நேத்தும் சாப்பிட்டேன். அதனால இருக்குமா?"

இருக்கும். அபின் எடுக்கிற அதே செடியின் விதைதான் கசகசா. காயின் பால் விதையில் ஒட்டிக்கொண்டு வரும். சமையலில் போதை ஏறாது, ஆனால் பட்டைக்குத் தெரிந்துவிடும். இந்தத் தொல்லைக்காகவே சில நாடுகளில் மில்லிக்கு முந்நூறு நானோகிராம் என்று இருந்த எல்லையை இரண்டாயிரமாக உயர்த்தினார்கள். நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது பழைய முந்நூறு எல்லைப் பட்டை. அவரிடம் இதையெல்லாம் சொல்லி, பெரிய லேபின் முடிவு வரும்வரை கவலைப்பட வேண்டாம் என்று அனுப்பினேன்.

அவர் படியிறங்குவதற்குள் அக்கா கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார்.

"பாசிட்டிவ் சார். பெரிய லேபுக்கு அனுப்பிக்கீறோம். அது சும்மா சாங்கியத்துக்கு."

பெரிய லேபின் முடிவு வந்தது. கொஞ்சம் மார்ஃபின். ஹெராயினின் தடம் இல்லை. உணவால் வந்திருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டரே எழுதியிருந்தார். அதற்குள் அவரை கிரேனிலிருந்து இறக்கி, கேட்டில் வண்டி நம்பர் குறிக்க நிற்கவைத்துவிட்டார்கள். முடிவின் நகலை வாங்க வந்தவர், யாரும் கேட்காமலே சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். வீட்டில் மீந்த கசகசா.

"இதுதான் சிஸ்டர். வேணும்னா இதையும் டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

அக்கா பொட்டலத்தைப் பிரித்து, நகத்தால் கொஞ்சம் அள்ளி வாயில் போட்டு மென்றார்.

"நல்ல சரக்கு. குருமாவுக்கு சோக்கா இருக்கும்" என்றார்.

அந்த மனிதர் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு நான் கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன், "மிஷினே சொல்லிடுச்சேக்கா, இப்பவாவது ஒத்துக்கக் கூடாதா?"

"மிஷின் இன்னா சொல்ச்சி? மார்ஃபின் கீதுன்னு சொல்ச்சி. கசகசா கீதுன்னு சொல்ச்சா?"

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். நல்ல மாதிரி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அந்தம்மா கறாரா இருக்கறதாலதான் கம்பெனிக்காரங்க நம்மகிட்ட வர்றாங்க. நீங்க இந்த நேரத்துல டென்ஷன் ஆகாதீங்க" என்றார். ஏழாம் மாதத்தோடு நான் நின்றுவிட்டேன். பொட்டலம் கடைசிவரை அலமாரியில் இருந்தது. அக்கா அவ்வப்போது அதிலிருந்து எடுத்து மெல்வார்.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது நாங்கள் இருப்பதும் நூம்பலில்தான், புதிதாக வந்த அடுக்குமாடி ஒன்றில். மகள் எல்கேஜி. பள்ளி வேனில் போகிறாள். பூந்தமல்லியிலிருந்து வரும் வேன் அண்ணனின் பக்கத்து சீட்டுக்கு தினமும் அடம் பிடிப்பாள். மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் திருப்பிவிட்டதிலிருந்து வேன் தாமதமாக வர ஆரம்பித்தது. ஒரு நாள் அந்த நெரிசலில் வேன் நின்றபோது, அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்ததை ஸ்கூட்டியில் போன ஒரு அம்மா பார்த்துவிட்டார். வாட்ஸப் குரூப் கொதித்தது. எல்லா டிரைவர்களுக்கும் போதைப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டோம். கேட்டவர்களில் நானும் உண்டு. குழந்தை விஷயம் இல்லையா?

பள்ளி ஆள் வைத்துப் பரிசோதித்தது. மறுநாள் குரூப்பில், "கோடு சரியில்லையாம்" என்ற வரியோடு ஒரு போட்டோ வந்தது. வேன் அண்ணனுடைய பட்டை. அபின் வகைக்கான இடத்தில் மங்கலாக ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில், பட்டையைப் பிடித்திருந்த விரலில், மருதாணிச் சிவப்பில் நீளமான ஒரு நகம். ஓரத்தில் பிளவு.

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்திவைத்துவிட்டேன்.

காலாண்டு விடுமுறை விட்ட அன்று நண்பகலில் வேன் அண்ணன் எங்கள் கேட்டுக்கு வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியிலேயே விட்டிருந்தார்.

"மேடம், நீங்க முன்ன லேப்புல இருந்தீங்கன்னு பாப்பா சொல்ச்சி. லீவு முடிஞ்சா வேற டிரைவர் போட்டுக்கலாம்னு பேசிக்கினு கீறாங்களாம். நானு பீடி கூடத் தொட மாட்டேன் மேடம். இந்த மெட்ரோ புழுதில இருமல் வந்து ராத்திரி தூக்கமே இல்ல. அதுக்கு மருந்து குடிச்சேன். அவ்ளோதான்."

"எந்த மருந்துண்ணா? பாட்டில் இருக்கா?"

"தீந்துபோச்சு மேடம். தூக்கிப் போட்டுட்டேன்."

நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அபின் வகை எடுத்தவர்களுக்குக் கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்கும். அவருக்குச் சுருங்கித்தான் இருந்தது. உச்சி வெயிலில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அதைவிட மோசம், அவர் பேசும்போது நான் மூச்சை இழுத்து வாசனை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா என் மூக்குக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. உள்ளே போய் முகத்தை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பழைய போனில் அக்காவின் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன்.

"யாரு?"

"அக்கா, நான்தான். மண்ணூர்பேட்டை லேப்ல..."

"மங்கல் கோடு! இன்னா கண்ணு, நல்லா கீறியா? உன் கோடு இன்னா படிக்குது?"

"எல்கேஜிக்கா." அந்தப் பெயரைக் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. "அக்கா, ஸ்கூல் வேன் டிரைவர் ஒருத்தருக்கு டெஸ்ட் எடுத்தீங்களே, அது நெகட்டிவ்தானே?"

"இப்ப பட்டை பாக்குறதும் நானுதான். நெகட்டிவ்னுதான் எழுதிக் குடுத்துக்கீறேன். போய்ப் பாரு. போட்டோ அவங்க கேட்டாங்க, புடிச்சிக் குடுத்தேன்."

"ரிப்போர்ட்டை யாரும் பாக்கலக்கா. போட்டோவைத்தான் எல்லாரும் பாத்தாங்க. மங்கலா இருக்குன்னு நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"கேட்டாங்க, சொன்னேன். மங்கலா கீறத மங்கலா கீதுன்னு சொல்லக் கூடாதா?"

"எனக்கு அன்னைக்கி மங்கலாத்தானே விழுந்துச்சு. கோடு கோடுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

எதையோ மெல்லுகிற ஒலி மட்டும் கேட்டது.

"அது உண்டாவுற கோடு கண்ணு. இது அழியிற கோடு. ரெண்டும் ஒண்ணா?"

"மிச்ச சாம்பிள் இருக்காக்கா? என் செலவுல பெரிய லேபுக்கு அனுப்பறேன்."

"ஊத்திட்டேன். நெகட்டிவ எதுக்கு எடுத்து வெக்கணும்?"

புதிதாக எடுத்துப் பார்த்தும் பயனில்லை. அபின் வகை இரண்டு மூன்று நாளில் சிறுநீரை விட்டுப் போய்விடும். அன்றைக்கு அவர் உடம்பில் என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"உங்க பேத்தியா இருந்தா அந்த வேன்ல ஏத்துவீங்களா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"நானு எவன் வண்டிலயும் ஏத்த மாட்டேன். இட்டுகினு நடந்தே போவேன். நீ ஏத்துவியா? அத்த சொல்லு."

போனை வைத்துவிட்டு, குரூப்பில் நீளமாக எழுதினேன். ஷேர் ஆட்டோ கணக்கைக்கூடச் சொன்னேன். மங்கலான கோடு நெகட்டிவ்தான், ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, இதை வைத்து ஒருவரை வேலையிலிருந்து எடுப்பது நியாயமில்லை என்று எழுதினேன். பிறகு, ஸ்கூட்டியில் போனபோது பார்த்த அந்த அம்மாவின் பதில் வந்தது.

"நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஸ்கூல் திறக்கிற அன்னைக்கி உங்க பாப்பாவை அவர் வேன்ல அனுப்புங்க. நாங்களும் அனுப்புறோம்."

அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். பள்ளியும் அதையே பிடித்துக்கொண்டது. பெற்றோருக்குச் சம்மதம் என்றால் அவரே ஓட்டட்டுமாம். கணவரிடம் கேட்டேன். "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றார். அது தெரியாமல்தானே கேட்டேன்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. நான் மகளை ஏற்றிவிட்டால் அவர் வேலை நிலைக்கும். நான் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் அத்தனை வீடுகளும் அவருக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும். பட்டையைப் பற்றி நான் சொன்னது எல்லாம் உண்மை. அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால் அவள் பள்ளிப் பையை நேற்றே தயார் செய்துவிட்டு, அவளுடைய ஷூவையும் என்னுடைய நடைச் செருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தச் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் வாயில் பழைய தயிர் சாதத்தின் புளிப்பு வருகிறது.

இதைப் படிக்கிற அம்மாக்களே, அப்பாக்களே, வண்டி ஓட்டுகிறவர்களே, லேபில் வேலை பார்க்கிறவர்களே, அடுத்தவருடையது நமக்கு எப்படித் தெரியும்? தெரியாமலே எப்படிக் குழந்தையை ஏற்றிவிடுகிறீர்கள்? வேன் வந்து ஹாரன் அடிப்பதற்குள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.